நீனோ வீட்டு வெள்ளை வைன்

1

ஐயர் கேட்டது மூன்று பெயர்கள். எங்களிடம் இருந்தவை இரண்டு.

அடுத்த மாதம் என் கணவருக்கு ஆட்டைத்திவசம். அவர் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. சிட்னியில் திவசம் செய்வதென்றால் ஐயரை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பல் வைத்தியரிடம் நேரம் கிடைத்தாலும் கிடைக்கும், ஐயரிடம் கிடைக்காது. நல்ல வேளையாகக் கிடைத்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டு, "அம்மா, பிதுரருக்குப் பிண்டம் வைக்க மூண்டு தலைமுறைப் பேர் வேணும். மகனிட்டச் சொல்லி மெசேஜ் போடச் சொல்லுங்கோ" என்றார்.

மகன் அகிலன் மெல்பேர்னில் இருக்கிறான். அவனுடைய அப்பா சிவபாதம். அப்பப்பா கந்தையா. அதற்கு மேலே பூட்டன். அவருடைய பெயர்தான் இடறியது. எனக்குத் தெரியாது. என் கணவருடைய தமையன் சண்டையில் போனார். மாமியும் மாமாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். பதிவுகளைத் தேடலாம் என்றால், அரசாங்கப் பதிவுக் கச்சேரியே எத்தனை தரம் இடம்பெயர்ந்தது என்று ஊரில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

அகிலனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அம்மா, ஐ ஹாவ் நோ ஐடியா. அப்பா நெவர் டோல்ட் மீ."

"எனக்கும் சொல்லேல்லையடா."

"நீனோ அங்கிளைக் கேட்டுப் பாருங்கோவன்."

"அந்த மனிசனுக்கு எங்கட பூட்டன்ர பேர் எப்பிடித் தெரியும்?"

"அப்பா டோல்ட் ஹிம் எவ்ரிதிங், அம்மா. தாத்தா, உப்பு, சோல்ட், எல்லாம்."

எனக்குச் சுருக்கென்றது. மனிசியும் பிள்ளையும் அறியாத பரம்பரைக் கதையைப் பக்கத்து வீட்டு இத்தாலியன் வைத்திருக்கிறானாம். ரெலிபோனை வைத்துவிட்டு, பொங்கி வழிந்த பருப்பைத் துடைத்துக்கொண்டே அன்றைக்கு முழுக்க போன என் மனிசனோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். இந்த ஒரு வருடத்தில் அவரோடு இன்னும் விடாமல் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

2

நீனோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

குவேக்கர்ஸ் ஹில்லில் இந்த வீட்டை நாங்கள் வாங்கி வந்தபோது பக்கத்து வளவில் அவர் ஏற்கனவே இருந்தார். சிசிலித் தீவுக்காரர். சீமெந்து வேலை செய்து களைத்து ஓய்ந்த, பெரிய கைகளோடு கூடிய மனிதர். மனைவி இல்லை. கார்லா என்று ஒரு மகள், வேறு புறநகரில். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆளுயரப் பலகை வேலி. அதற்கு மேலாக அவருடைய எலுமிச்சை மரம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும்.

அவருடைய ஊர் கடலோரத்தில், உப்பளங்களுக்குப் பக்கத்தில். அங்கே உப்பைக் கும்பமாகக் குவித்து மழை படாமல் ஓடு போட்டு மூடுவார்களாம். இதை வேலியில் நின்று அவர் சொன்ன அன்று, என் கணவர் சாப்பிட வந்தவர் சாப்பாட்டை மறந்துபோனார். இவர் ஆனையிறவு உப்பளத்துக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். இவருடைய அப்பாவும் அதற்கு முந்தியவர்களும் பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர்கள்.

"இஞ்சாருமப்பா, அவையள் ஓடு போட்டு மூடுறவையாம். நாங்கள் தென்னோலைக் கிடுகு!"

"ஓம், சோத்தைச் சாப்பிடுங்கோ, ஆறுது" என்றேன்.

என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான். இஞ்சாரும். கலியாணம் செய்த நாளிலிருந்து வேறு எந்த விதமாகவும் கூப்பிட்டதில்லை. என் பெயர் இராசமலர். அம்மா மட்டும் மலர் என்பா. அம்மாவோடு அது போய்விட்டது. வேலையிடத்தில் என்னை ராஜி ஆக்கினார்கள். கோயிலில் அன்ரி. நீனோவுக்கு நான் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி. அதற்கு மேல் அவர் என்னோடு பேசியதில்லை. நான் இடம் கொடுத்ததுமில்லை.

காரணம் வைன். கலியாணத்துக்கு முன்பு நான் போட்ட ஒரே நிபந்தனை, வீட்டுக்குள் குடி வரக்கூடாது என்பது. குடித்து அழிந்த வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எப்படிக் காப்பாற்றினார் என்றால், சனிக்கிழமை பின்னேரம் வெயில் தாழ வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். நீனோவின் குளிர்ப்பெட்டியில் சிசிலியிலிருந்து வரும் வெள்ளை வைன் எப்போதும் இருக்கும். கிரில்லோ என்கிற திராட்சையாம். ஆளுக்கு ஒரு கிளாஸ். அதற்கு மேல் போவதில்லை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது எங்கள் குடும்ப ஒப்பந்தம்.

ஆனால் மீன் பொரித்துக் கொடுப்பேன். மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டிய மீன் துண்டுகள் ஒரு பீங்கானில் வேலிக்கு மேலால் போகும். திரும்பி வரும்போது அதே பீங்கானில் எலுமிச்சம்பழங்கள் இருக்கும்.

"நீரும் வாருமன், சும்மா வந்து இருமன்" என்று இவர் சில நாள் சொல்லிப் பார்த்தார்.

"குடிக்கிற இடத்தில எனக்கென்ன வேலை?"

பிறகு கேட்பதை விட்டுவிட்டார். குசினி யன்னலால் பார்த்தால் வேலிக்கு மேலே எலுமிச்சை இலைகள்தான் தெரியும். சத்தம் கேட்கும். இரண்டு பேரின் ஆங்கிலமும் அரைகுறை. அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு இருவரும் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வீட்டில் அவர் உப்பளத்தைப் பற்றிப் பேசாததற்கு நானும் ஒரு காரணம். வந்த புதிதில், அந்தக் கதையை எடுத்தால் தமையனிடம் போய் முடியும். பிறகு இரவு முழுக்கத் தூங்கமாட்டார். காலையில் பார்சல் தரம் பிரிக்கிற வேலைக்குப் போக வேண்டும். "உந்தக் கதையை விடுங்கோ, இப்ப ஏன்?" என்று நான்தான் மறிப்பேன். அவருடைய நன்மைக்குத்தான் மறித்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது, கதை வேலி தாண்டிப் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசேஷங்களுக்கென்று எங்கள் கராஜில் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கி வைத்திருக்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் சாமத்திய வீடுகளுக்கும் இரவல் போய் வரும். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் சி என்று எழுதிவிட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் ஒன்று காணாமல் போனது. கடைசியாகக் கொண்டுபோன பெண்ணோடு நான் இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எனக்குக் கதிரை பெரிதில்லை, நேர்மைதான் பெரிது என்று இவருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

3

இவர் போன எட்டாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எட்டுச் செலவு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். போனவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துத் தலைவாழை இலையில் படைக்கிற நாள். சிட்னியில் வாழையிலை கடையில் உறைந்து கிடக்கும், தண்ணீரில் போட்டு எழுப்ப வேண்டும். பிட்டு, நண்டுக் கறி, கீரிமீன் பொரியல், உழுந்து வடை, சீனி கூடின தேத்தண்ணி. ஒன்றும் விடவில்லை. அவருக்குப் பிடித்தது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு. வீடு நிறையச் சனம்.

அப்போது வாசலில் நீனோ. இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. தலைமயிர் ஈரமாக வாரியிருந்தது. கையில் நனைந்த பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு போத்தல். குளிர் போகாமல் இருக்கத்தான் அப்படிச் சுற்றியிருந்தார். சனத்தைப் பார்த்துத் தயங்கினார். பிறகு இலையைக் காட்டினார்.

"சீவா டெல் மீ. வென் ஐ டை, தே மேக் லீஃப். யூ பிரிங்."

சீவா என்பது இவர். தனக்கு இலை போடுவார்கள், நீ இதைக் கொண்டுவா என்று இவர் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து தன் எட்டுச் செலவுக்கு ஒழுங்கு செய்திருக்கிறார்!

வீட்டிலிருந்த அத்தனை கண்களும் போத்தலில். எனக்கு முகம் எரிந்தது. என் வாயில் வந்தது ஆங்கிலம்தான்.

"மை ஹஸ்பண்ட் டஸ் நொட் ட்ரிங்க்."

நீனோ என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "சி, சிஞ்ஞோரா" என்று தலையை ஆட்டினார். போத்தலை அகிலன் கையில் கொடுத்தார். இலைக்கு முன்னால் நின்று நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

பரமட்டாவிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அங்கிள் பின்னாலிருந்து, "வைச்சிருந்தா என்ன பிள்ளை? எங்கட அப்பாவுக்கு நாங்கள் சாராயம் வைச்சனாங்கள்" என்றார். அது உண்மைதான். ஊரில் எத்தனை வீட்டில் கள்ளும் சுருட்டும் வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வழக்கத்தை ஒரு சிசிலிக்காரர் சரியாகச் செய்ய வந்தார், நான் பிழையாகச் செய்தேன். அகிலன் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "வொய், அம்மா?" பிறகு போத்தலைக் கொண்டுபோய்க் கராஜில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தான்.

அதற்குப் பிறகு நீனோவை வேலியில் காணவில்லை. எலுமிச்சம்பழம் வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். எனக்கும் ரோசம் இருக்கிறதே, நானும் போகவில்லை. கார்லாவின் கார் அடிக்கடி வந்து நிற்பதைக் கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

4

ஐயருக்குப் பெயர் கொடுக்க வேண்டிய கிழமை வந்ததும் ரோசத்தைக் கழற்றி வைத்தேன். சனிக்கிழமை பின்னேரம் மீன் பொரித்தேன். அரிசி மூட்டையை இழுத்துப் போத்தலை எடுத்துத் தூசி துடைத்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கல்ல. உங்களோடு இருந்து இதைத் திறக்க வந்தேன் என்று சொல்வதற்கு. அந்த வசனத்தை ஆங்கிலத்தில் குளியலறையில் நின்று பாடமாக்கினேன்.

கார்லா கதவைத் திறந்தாள். பீங்கானையும் போத்தலையும் பார்த்தாள், கண் கலங்கினாள். குசினிக் கதிரையில் என்னை இருத்திவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பாவுக்கு மறதி வருத்தம். இவர் போன சில கிழமைகளில் தொடங்கி வேகமாகக் கூடிவிட்டது. இப்போது ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது.

எனக்கு அதை விளக்கத் தேவையில்லை. முதியோர் இல்லத்தில்தான் நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். பின்னால் கற்ற மொழி முதலில் போகும். பாராளுமன்ற ஆங்கிலம் பேசிய ஒரு தமிழ் அங்கிள் கடைசியில் நேர்சிடம் "எனக்குத் தண்ணி தா பிள்ளை" என்றே கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள், ராஜி, இவர் என்ன சொல்கிறார் என்று. அப்போதெல்லாம் அது எனக்கு வேலை. இன்று அந்த நேர்சின் இடத்தில் நான் நிற்கிறேன்.

இவர் அந்த அரைகுறை ஆங்கிலத்தில்தானே எல்லாவற்றையும் இந்த மனிதரிடம் சொல்லி வைத்தார்? அந்த ஆங்கிலம் போய்விட்டது என்றால் அதனுள் இருந்தவை?

"இத்தாலியனில் பேசுவாரா?" என்றேன்.

"பேசுவார். ஆனால் அது பள்ளிக்கூடத்து இத்தாலியன் இல்லை, அவருடைய ஊர்ப் பேச்சு. எனக்கே பாதிதான் விளங்கும்" என்றாள் கார்லா. தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதியும் விளங்காது என்றும் சொன்னாள். அகிலனை நினைத்துக்கொண்டேன்.

நான் கொண்டுபோன போத்தலைத் திறந்தாள். வந்தது வெள்ளையே இல்லை, வெளிறிய தேத்தண்ணி நிறம். அவித்த அப்பிள் மணம். இது புதிதாக, குளிராகக் குடிக்க வேண்டிய சாதி, கராஜ் வெக்கையில் ஒரு கோடை முழுக்க இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று என் மனம் நோகாமல் சொல்லிக்கொண்டு தொட்டியில் ஊற்றினாள். நல்லதை வைத்து வைத்துப் பிறகு எடுக்கலாம் என்று நினைப்பது எங்கள் சனத்தின் பழக்கம். நான் இதை வைத்ததுகூட அந்த எண்ணத்தில் இல்லை, கண்ணில் படக்கூடாது என்றுதான்.

"குளிர்ப்பெட்டியில் அப்பாவுடைய ஒன்று இருக்கிறது. வெளியே வாருங்கள்" என்றாள்.

5

எலுமிச்சை மரத்துக்குக் கீழே ஒரு சின்ன மேசை. நீனோ அங்கே இருந்தார். மெலிந்துபோயிருந்தார், சேட்டு அதே வெள்ளைச் சேட்டு. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். யாரென்று தெரிந்து சிரித்தாரா, மீனைக் கண்டு சிரித்தாரா என்று சொல்ல முடியாது.

மேசையைச் சுற்றி மூன்று கதிரைகள். இரண்டு பழைய இரும்புக் கதிரைகள், ஒன்று வெள்ளைப் பிளாஸ்டிக். கார்லா பிளாஸ்டிக் கதிரையை என் பக்கம் தள்ளினாள்.

"அது உங்களுடையதுதான். சீவா அங்கிள் வேலிக்கு மேலால் இறக்கினார். நீங்கள் ஒருநாள் வருவீர்கள், உங்களுக்கு இடுப்பில் நாரி நோ, இந்த இரும்பில் இருக்கமாட்டீர்கள் என்று சொன்னார். அதில் வேறு யாரையும் அவர்கள் இருக்க விடவில்லை."

குனிந்து அடியில் தடவிப் பார்த்தேன். சிவப்பு நகப்பூச்சு. சி.

நான் அந்தப் பெண்ணோடு எத்தனை வருடம் கதைக்காமல் இருக்கிறேன்! பேப்பருக்குப் பின்னால் இந்த மனிதர் என்ன முகத்தோடு இருந்திருப்பார்! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் மிஞ்சியது அழுகைதான்.

கார்லா போத்தலைத் திறந்து மூன்று கிளாசில் ஊற்றினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய கைபேசி அடித்தது. முதியோர் பராமரிப்பு மதிப்பீட்டுக் காரியாலயம், சனிக்கிழமையிலும். மாதக் கணக்காக அவள் காத்திருக்கிற அழைப்பு. இத்தாலியன் பேசுகிற இல்லம் வேண்டும், அதற்கு வரிசை, வரிசையில் சேர மதிப்பீடு, மதிப்பீட்டுக்கு இன்னொரு வரிசை. "இதை விட்டால் பிறகு கிடைக்காது" என்று உள்ளே ஓடினாள்.

நானும் நீனோவும் மட்டும் இருந்தோம்.

கிளாசின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. என் வாழ்நாளில் நான் தொட்ட முதல் வைன். திராட்சை என்பதால் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். துளி இனிப்புக் கிடையாது. நல்ல குளிர். முதலில் எலுமிச்சைத் தோலைக் கடித்தது மாதிரி ஒரு வெட்டு. பிறகு நாக்கு முழுக்கத் துடைத்துவிட்டதுபோல் வறண்டது. விழுங்கின பிறகு, கடைசியில், கொஞ்சமாக உப்பு. கடற்காற்றில் வாயைத் திறந்து நின்றால் உதட்டில் படுமே, அந்த உப்பு.

இதற்காகத்தான் என் கணவர் இங்கே வந்திருக்கிறார். அவர் குடிக்கப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் சனிக்கிழமைகளில் ஊருக்குப் போய் வந்திருக்கிறார். மீனைப் பொரித்துக் கொடுத்து அனுப்பியதும் நான்தான், கூடப் போகாமல் இருந்ததும் நான்தான்.

"நீனோ" என்றேன். "சீவா. சீவாவின் தாத்தா. நேம்? சோல்ட்?" கையால் உப்பு வாருகிற மாதிரிச் செய்து காட்டினேன்.

சீவா என்றதும் அவருடைய கண் திரும்பியது. கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்தார். பேசத் தொடங்கினார். தன் ஊர்ப் பேச்சில், நிற்காமல், ஓர் ஒழுங்கோடு, கதை சொல்கிறவர் மாதிரி. பெரிய கையால் காற்றில் பாத்தி கட்டினார். எதையோ குவித்தார். குவித்ததன் மேல் எதையோ மூடினார். ஓடா, கிடுகா என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் சீவா வந்தார். இன்னொரு பெயர் வருமா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு கந்தரோ வேலரோ சின்னத்தம்பியோ, ஏதாவது எங்கள் பெயர்.

வந்தது.

"மாலார்" என்றார்.

பிறகு மறுபடியும், கொஞ்சம் தணிந்த குரலில், "மாலார்." அவருடைய கை வேலிக்கு மேலாக என் குசினி யன்னலைக் காட்டியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கிற நான்தான் அது என்று அவருக்குத் தெரியவில்லை. யன்னலைப் பார்த்தபடியே இன்னும் நாலைந்து வசனம் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு மீன் துண்டை எடுத்தார்.

கார்லா வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது என்ன சொன்னார் என்று கேள், கேள் என்றேன். அவள் கேட்டாள். அவர் யோசித்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"மீன் நல்லாயிருக்கிறதாம்" என்றாள் கார்லா.

திவசம் நடந்தது. அகிலன் வந்து தர்ப்பை போட்டு, ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னான். பூட்டனுடைய பெயர் வருகிற இடத்தில், தெரியாதவர்களுக்குச் சொல்கிற பொதுப் பெயரை ஐயர் சொல்லிக் கொடுத்தார். பிறகு நான் ஒரு கிளாசில் குளிரக் குளிர அந்த வைனை ஊற்றி இவருடைய படத்துக்கு முன்னால் வைத்தேன். வந்திருந்த சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

சனிக்கிழமைகளில் இப்போது நான் போகிறேன். கார்லா நிற்கிற நேரமாகப் பார்த்துப் போகிறேன். நீனோ எலுமிச்சையைப் பற்றிப் பேசுகிறார், கழுதைகளைப் பற்றி, தன் தாயைப் பற்றிப் பேசுகிறார் என்று கார்லா சொல்கிறாள். அந்தப் பெயர் மறுபடி வரவில்லை.

வாழ்நாள் முழுக்க என்னை இஞ்சாரும் என்று கூப்பிட்ட மனிதர், வேலிக்கு அந்தப் பக்கம் போய் என்னைப் பெயர் சொல்லிப் பேசியிருக்கிறார். எனக்கு ஒரு கதிரையும் போட்டு வைத்திருக்கிறார். நான் அதைத் தொலைத்தவள் என்று இன்னொருத்தியோடு கோபித்துக்கொண்டிருந்தேன்.